அனுமதிக்கப்பட்ட ஆட்டம்: கல்லூரி வலையமைப்பும் விடுதி இரவும்

1

கல்லூரி வலையமைப்பில் இணைய விளையாட்டுகளுக்குத் தடை என்பது பார்வைக்குச் சின்ன விஷயம். நிலம் பறிபோனவர்களையும் வேலை பறிபோனவர்களையும் பற்றிப் பேசவேண்டிய பக்கங்களில், விடுதிப் பையன்கள் ராத்திரி துப்பாக்கி விளையாட்டு ஆடமுடியாமல் போவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரே பதில், அதிகாரம் மனிதர்களைப் பழக்குவது பெரும்பாலும் இந்த மாதிரியான அற்ப விஷயங்களில்தான் என்பது. எதிர்த்துக் கேட்பதற்கே வெட்கமாக இருக்கும் ஒரு விஷயத்தில் ஒருவன் அடங்கிப்போகக் கற்றுக்கொண்டால், கேட்டே ஆகவேண்டிய விஷயத்திலும் அடங்கிப்போவான்.

இடத்தைக் குறிப்பாகச் சொல்லிவிடுவது நல்லது. அம்பத்தூரிலிருந்து ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று ரயில்பாதையை ஒட்டியும், பூந்தமல்லியிலிருந்து நசரத்பேட்டை, தண்டலம் என்று பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியும் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் வரிசையாக நிற்கின்றன. ஏரியும் வயலுமாக இருந்த நிலம் இது. தென்மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இங்கே விடுதிகளில் இருக்கிறார்கள். இதே நிலத்தில்தான் 1955இல் ஆவடி காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த பத்தாண்டுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. 1965இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே என்ற நேர ஒழுங்கை இந்த வட்டாரத்து உடல்கள் இரண்டு தலைமுறையாக அறிந்திருக்கின்றன. தொழிற்சாலைகள் பல மூடிவிட்டன. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறக்கப்பட்டுவிட்டது. சங்கு போன இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்பதைத்தான் விடுதி வைஃபையை வைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

2

முதலில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். தொழில்நுட்பம் என்றவுடன் நம்மாட்கள் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். ஆனால் இங்கே விதி என்பது தாளில் இல்லை, கருவிக்குள் இருக்கிறது. கருவியைப் படிக்காமல் விதியைப் படிக்கமுடியாது.

விடுதி வைஃபையில் இணைந்தவுடன் ஒரு பக்கம் திறக்கும். பதிவு எண்ணும் கடவுச்சொல்லும் கேட்கும். அந்த நொடியிலிருந்து உங்கள் போனிலிருந்து போகும் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பெயர் ஒட்டிக்கொள்கிறது. கல்லூரிக்கும் வெளியுலகுக்கும் நடுவே ஃபயர்வால் என்ற கருவி உட்கார்ந்திருக்கிறது. அது மூன்று வேலைகள் செய்கிறது.

ஒன்று, வகை பிரிப்பது. இந்தக் கருவிகளை விற்கும் நிறுவனங்கள் உலகத்து இணையதளங்களை எல்லாம் கல்வி, செய்தி, சூதாட்டம், ஆபாசம், விளையாட்டு என்று முன்கூட்டியே வகைப்படுத்தி வைத்திருக்கின்றன. கல்லூரி நிர்வாகி செய்யவேண்டியது வேண்டாத வகைக்கு நேரே ஒரு டிக் அடிப்பதுதான். எது எந்த வகை என்று முடிவு செய்தவர் எங்கோ வேறு நாட்டில் இருக்கிறார்.

இரண்டு, வாசல்களை மூடுவது. இணையத்தில் ஒவ்வொரு வேலைக்கும் போர்ட் எனப்படும் ஒரு வாசல் எண் உண்டு. இணையப் பக்கங்கள் 80, 443 ஆகிய இரண்டு வாசல்கள் வழியாக வருகின்றன. பக்கங்களை அனுப்பும் முறை பெரும்பாலும் ஒப்புகைச் சீட்டுடன் கூடிய பதிவுத் தபால் மாதிரி: போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டே அனுப்பும். துப்பாக்கி விளையாட்டுக்கு அது ஒத்துவராது. எதிரி எங்கே நின்றான் என்ற சேதி அரை நொடி கழித்து வந்தால் அதனால் பயனில்லை. ஆகவே விளையாட்டுகள் யுடிபி என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. அது போஸ்ட்கார்டை வீசிவிட்டுப் போவது போல. தொலைந்தால் தொலையட்டும், அடுத்தது வருகிறது. இந்தப் போஸ்ட்கார்டுகள் வேறு எண்ணுள்ள வாசல்களில் போய்வருகின்றன. நிர்வாகி 80, 443 தவிர எல்லாவற்றையும் மூடிவிட்டால், எந்த விளையாட்டின் பெயரையும் சொல்லாமலே இத்தகைய விளையாட்டுகள் பெரும்பாலும் செத்துப்போகும். கூடவே, வெளியிலுள்ள ஒரு சர்வரில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்ளும் மாணவனுக்குத் தேவையான 22ஆம் வாசலும் சாகும். அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

மூன்று, பார்ப்பதும் எழுதிவைப்பதும். இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை. உறைக்குள் இருப்பதை ஃபயர்வால் படிக்கமுடியாது. ஆனால் உறையின்மேல் உள்ள முகவரியைப் பெரும்பாலும் படித்துவிடமுடியும். யார், எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது பதிவாகிறது. இதற்கும் மேலே ஒரு படி உண்டு. சில நிறுவனங்களில் 'நெட் வேலை செய்யணும்னா இந்தச் சான்றிதழை இன்ஸ்டால் பண்ணிக்கோ' என்பார்கள். அதை ஏற்றுக்கொண்டால், பிரவுசர் வழியாகப் போகும் உறையைப் பிரித்துப் படித்து மறுபடி ஒட்டி அனுப்பும் சக்தி அந்தக் கருவிக்கு வந்துவிடுகிறது. காதல் கடிதமும் வங்கிக் கணக்கும் அதில் அடக்கம். 18 வயதுப் பிள்ளை இதற்கு 'ஓகே' அழுத்துகிறது. என்ன அழுத்தினோம் என்று அதற்குத் தெரியாது. அழுத்தச் சொன்னவருக்கும் பல நேரம் தெரியாது.

ஃபூக்கோவை நாம் பள்ளி, சிறை, மருத்துவமனை என்று மூடிய கட்டடங்களை வைத்துப் படித்துப் பழகியிருக்கிறோம். 1990இல் தெல்யூஸ் எழுதிய ஒரு குறுங்கட்டுரை அங்கிருந்து ஒரு அடி முன்னே போகிறது. கட்டாரி கற்பனை செய்த ஒரு நகரத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். அங்கே ஒவ்வொருவரிடமும் ஒரு மின்னணு அட்டை. அதைக் காட்டினால் தடுப்பு உயரும். ஆனால் குறிப்பிட்ட நாளிலோ குறிப்பிட்ட மணி நேரத்திலோ அதே அட்டை மறுக்கப்படலாம். முக்கியம் தடுப்பு இல்லை, ஒவ்வொருவர் இருக்குமிடத்தையும் கணக்கில் வைக்கும் கணினிதான் என்கிறார். விடுதி வைஃபை அந்த நகரத்தின் சிறு மாதிரி. சங்கு எல்லோருக்கும் சேர்ந்து ஊதியது, எல்லோர் காதிலும் விழுந்தது. அதனால்தான் வாசலில் கூட்டம் கூடியது. கூட்டம் கூடியதால் சங்கம் வந்தது. ஃபயர்வால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, சத்தமில்லாமல், 'இந்தப் பக்கம் கிடைக்கவில்லை' என்று சொல்கிறது. தடை விதித்தவர் யார் என்றுகூட முகம் தெரிவதில்லை. 'நெட் வரல மச்சான்' என்பதோடு விஷயம் முடிந்துபோகிறது.

3

இணைய விளையாட்டு ஏதோ வெளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குள் புகுந்த கிருமி என்ற பாவனையில்தான் நிர்வாகங்கள் பேசுகின்றன. வரலாறு நேர்மாறானது. பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் கற்பனை உலகத்தின் முன்னோடி, 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய 'மட்' என்ற விளையாட்டு. முழுக்க எழுத்தால் ஆனது, படம் கிடையாது. பிறகு வெளியாட்களும் தொலைபேசி இணைப்பு வழியாக வந்து ஆட அந்தப் பல்கலைக்கழகம் அனுமதித்தது. எப்போது? நள்ளிரவுக்குப் பிறகு, அந்தக் கணினி பல்கலைக்கழகத்துக்குத் தேவைப்படாத நேரத்தில். அதாவது இணைய விளையாட்டு என்ற வடிவமே பல்கலைக்கழக வலையமைப்பின் ஓய்வு நேரத்தில், இரவில் வளர்ந்தது.

தடையின் வரலாறும் அங்கிருந்தே தொடங்குகிறது. 1993 டிசம்பர் 10 அன்று 'டூம்' என்ற துப்பாக்கி விளையாட்டு வெளியானது. அது முதலில் ஏற்றப்பட்டதே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சர்வரில்தான். பலர் சேர்ந்து ஆடும்போது அதன் முதல் பதிப்பு ஒவ்வொரு அசைவையும் வலையமைப்பிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் கூவிச் சொன்னது. வலையமைப்புகள் திணறின. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உடனடியாக டூமை வலையமைப்பில் ஆடத் தடை போட்டது. இது நேர்மையான தடை. காரணம் சொல்லப்பட்டது, காரணம் அளக்கக்கூடியதாக இருந்தது, விளையாட்டின் அடுத்த பதிப்பு அந்தக் கோளாறைச் சரிசெய்துகொண்டது.

நம் ஊரில் காரணம் வேறு இடத்திலிருந்து வருகிறது. 2007இல் மும்பை ஐஐடி விடுதி அறைகளில் இரவு 11 மணி முதல் மறுநாள் நண்பகல் தாண்டும்வரை இணையத்தை நிறுத்தியது. விளையாட்டும் அரட்டையும் வலைப்பதிவும் சேர்ந்து மாணவர்களைக் காலை வகுப்பிலிருந்தும், ஒருவரோடொருவர் பழகுவதிலிருந்தும் விலக்கிவிட்டன என்பது சொல்லப்பட்ட காரணம். 2018 டிசம்பரில் வேலூர் விஐடியின் ஆண்கள் விடுதியில் பப்ஜிக்குத் தடை என்ற சுற்றறிக்கை செய்தியானது. விளையாட்டால் அறைத்தோழர்களுக்குத் தொந்தரவு, விடுதிச் சூழலே கெடுகிறது, படிப்பிலும் எதிர்கால வேலையிலும் மைதான விளையாட்டிலும் கவனம் வையுங்கள் என்பது அதன் சாரம். 2019 மார்ச்சில் ராஜ்கோட் போலீஸ் ஊர் முழுக்க பப்ஜிக்குத் தடை விதித்து, ஆடிய கல்லூரி மாணவர்களைக் கைதே செய்தது. கார்னகி மெலனில் தடைக்குக் காரணம் வலையமைப்பின் சுமை. இங்கே காரணம் மாணவரின் குணம். சுமையை அளக்கலாம், குறைக்கலாம், தடையை விலக்கலாம். குணத்தைக் காரணம் காட்டும் தடைக்கு முடிவு தேதி கிடையாது.

'பேண்ட்விட்த் போதாது' என்ற வாதம் இப்போதும் சொல்லப்படுகிறது, அதையும் பார்த்துவிடுவோம். போனில் ஆடும் ஒரு துப்பாக்கி விளையாட்டு ஒரு மணி நேரத்துக்குச் செலவழிப்பது சில பத்து எம்பி அளவுதான். அதே ஒரு மணி நேரம் நல்ல தரத்தில் வீடியோ பார்த்தால் 1 ஜிபியைத் தாண்டும். பாடம் நடத்தும் யூடியூப் வீடியோவும் அதில் சேர்த்திதான். விளையாட்டில் உண்மையாகவே கனமானது அதன் பதிவிறக்கமும் அவ்வப்போது வரும் புதுப்பிப்பும். 300 பேர் ஒரே சாயங்காலத்தில் ஆளுக்கு 2 ஜிபி இறக்கினால் எந்த வலையமைப்பும் தள்ளாடும், மறுக்கவில்லை. அதற்குத் தீர்வு அந்தப் பதிவிறக்கத்தை விடியற்காலைக்குத் தள்ளுவது, அல்லது ஆளுக்கு இவ்வளவு வேகம் என்று பங்கிடுவது. இரண்டும் அதே ஃபயர்வாலில் செய்யக்கூடியவை. செய்வதில்லை. ஏனென்றால் டிக் அடிப்பது சுலபம், பங்கிடுவதற்கு யோசிக்கவேண்டும், யாரிடமாவது கேட்கவேண்டும்.

4

தடையின் மொழியைக் கவனித்தால் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது: விளையாட்டும் சூதாட்டமும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. கருவியின் வகைப் பட்டியலிலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். தமிழில் இதற்கு ஒரு சொல்வழிச் சாக்கு இருக்கிறது. நீராடுகிறோம், ஊசலாடுகிறோம், விளையாடுகிறோம், சூதாடுகிறோம், எல்லாம் 'ஆடு'தான். ஆனால் மரபு இவற்றைக் குழப்பிக்கொள்ளவில்லை. குறளில் 94ஆவது அதிகாரம் சூதைக் கண்டிக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலோ செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கையும் உவகை பிறக்கும் இடங்களாகச் சொல்கிறது. விளையாட்டுக்கு ஒரு பயனைக் காட்டி அதை நியாயப்படுத்த வேண்டிய அவசியம் அங்கே எழவில்லை. உவகை பிறக்கிறது, அவ்வளவுதான். சூது பொருளைத் தின்கிறது, ஆகவே தனி அதிகாரம்.

இன்றைய சட்டமும் இந்தப் பிரிவினைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இணைய ரம்மியில் பணம் தோற்றுக் கடனாளியாகித் தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தத் துயரத்தின் மீதுதான் நீதிபதி சந்துரு குழு அமைந்தது. 2022 அக்டோபரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு ஏப்ரலில் சட்டமானது. அதன் தொடர்ச்சியாக 2025இல் வந்த விதிமுறைகள், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை என்றன. சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில் அதை ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு முழுவதையும் தடைசெய்துவிட்டு, பணயம் இல்லாத விளையாட்டையும் மின்விளையாட்டுப் போட்டிகளையும் ஊக்குவிக்கப்போவதாகச் சொல்கிறது. 2022 டிசம்பரிலேயே ஒன்றிய அரசு மின்விளையாட்டைப் பல்துறைப் போட்டிகளின் பகுதியாக அங்கீகரித்துவிட்டது. 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமும் இருந்தது.

ஆக, கல்லூரியின் ஆண்டு விழாவில் ஸ்பான்சர் பதாகை கட்டி, நுழைவுக் கட்டணம் வாங்கி, முதல் பரிசு அறிவித்து நடத்தினால் அது 'இ-ஸ்போர்ட்ஸ்'. அதே நான்கு பேர் அதே விளையாட்டை அடுத்த வாரம் விடுதி அறையில் ஆடினால் ஒழுங்கீனம். ஐடி கார்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு 'பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வா'. ஆட்டம் மாறவில்லை. துப்பாக்கி மாறவில்லை. அனுமதி மட்டும் மாறியிருக்கிறது. பப்ஜி கதையே இதற்கு நல்ல உதாரணம். 2020 செப்டம்பரில் 118 செயலிகளில் ஒன்றாகத் தடை. 2021இல் வேறு பெயரில் வருகை. 2022 ஜூலையில் மீண்டும் மறைவு. 2023 மேயில் மறுபடி வருகை. ஒவ்வொரு முறையும் ஆடுகிறவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடிமைப்படுதல் பற்றிய கவலை பொய் என்று நான் சொல்லவரவில்லை. உலக சுகாதார அமைப்பு விளையாட்டுக் கோளாறை நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது; அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அங்கே அதற்கு இலக்கணம் இருக்கிறது: கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும் விட அதற்கே முன்னுரிமை, கெடுதல் தெரிந்தும் தொடர்தல், அதுவும் பொதுவாக 12 மாத அளவுக்கு. அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் மருத்துவர். வார்டன் இல்லை, ஃபயர்வாலும் இல்லை. தென்கொரியா 2011இல் நள்ளிரவு முதல் காலை 6 வரை விளையாட்டுக்குப் பூட்டுப் போட்டது. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. 2022இல் அதையும் எடுத்துவிட்டது. சீனா 2021இல் கொண்டுவந்த கடும் நேரக் கட்டுப்பாடும் 18க்கு உட்பட்டவர்களுக்குத்தான். நம் விடுதிகளில் இருப்பவர்கள் 18 முதல் 22 வரை. 1989இலிருந்து இந்த நாட்டில் 18 வயதில் ஓட்டுப் போடலாம். முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கும் பக்குவம் வந்தவருக்கு ராத்திரி பதினொன்றரைக்குப் போனை வைத்துவிட்டுத் தூங்கும் பக்குவம் இல்லை என்பது எந்தக் கணக்கு?

5

சரி, இப்போதுதான் ஆளாளுக்கு டேட்டா இருக்கிறதே, விடுதி வைஃபையை யார் நம்பியிருக்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு டேட்டா விலை சரிந்தது. கையிலுள்ள போனே தனி வலையமைப்பு ஆயிற்று. அதற்கு முன்னால் விடுதிகளில் வேறு உத்தி இருந்தது. கவுன்டர் ஸ்டிரைக்கை உள் கேபிளிலேயே ஆடினார்கள். மினி மிலிஷியாவை ஒருவர் போனின் ஹாட்ஸ்பாட்டில் மற்றவர்கள் இணைந்து, இணையமே இல்லாமல் ஆடினார்கள். அறைக்கு அறை கத்திக்கொண்டு ஆடிய அந்த ஆட்டத்தில் எதிரி பக்கத்துக் கட்டிலில் இருந்தான். அந்தக் கூட்டுத்தன்மை போய், இன்று அவரவர் ரீசார்ஜில் அவரவர் ஆட்டம்.

ஆனால் இங்கேதான் தடையின் உண்மையான விளைவு தெரிகிறது. தடை எல்லோர்மீதும் ஒன்றுபோல விழுவதில்லை. தினமும் 2 ஜிபி கட்டணத் திட்டம் போட வசதியுள்ளவர் வைஃபையின் பக்கமே போகவேண்டியதில்லை. கல்விக்கடனில் படிப்பவர், வீட்டில் ஒருவர் ரீசார்ஜுக்கு இருவர் பகிர்ந்துகொள்பவர், காங்கிரீட் சுவர்களுக்கு நடுவே சிக்னலே கிடைக்காத தரைத்தள அறைக்காரர் ஆகியோருக்குத்தான் விதி பொருந்துகிறது. ஒழுக்கத்தின் பெயரால் போடப்பட்ட விதி, நடைமுறையில் பணத்தின்படி பிரிக்கிறது. அவர்கள் விடுதிக் கட்டணத்தோடு அந்த வைஃபைக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள் என்பது தனிக் கதை.

இன்னொரு பிரிப்பு ஆண்-பெண். நம் பிள்ளைத்தமிழ் மரபில் சிறுமிகள் மணலில் சிற்றில் கட்டுவார்கள். ஆண்பிள்ளை வந்து அதைக் காலால் அழிப்பது ஒரு தனிப் பருவம். ஆட்டத்துக்கான வெளி யாருக்கு எவ்வளவு என்பது அங்கேயே தீர்மானமாகிவிட்டது. ஆண்கள் விடுதியில் வைஃபை நின்றால் பையன் வாசலுக்குப் போவான், டீக்கடையில் நிற்பான், அம்பத்தூரிலோ போரூரிலோ ஒரு கேமிங் கடைக்குப் போவான். பெண்கள் விடுதியின் கதவு பல இடங்களில் மாலை ஆறரைக்கே பூட்டப்படுகிறது. அவளுக்கு வெளி என்று மிச்சமிருந்தது அந்தத் திரை மட்டும்தான். ஆகவே ஒரே விதி, அவனுக்கு ஒரு விளையாட்டைத்தான் எடுக்கிறது. அவளிடமிருந்து வெளியையே எடுத்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு வழக்கைப் பேசியாக வேண்டும். கோழிக்கோடு அருகே சேளன்னூரில் ஸ்ரீ நாராயண குரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை மாணவிகள் போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி. ஃபஹீமா ஷிரின் என்ற பி.ஏ. மாணவி மறுத்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்று சொல்லி, அவரை மீண்டும் விடுதியில் சேர்க்க உத்தரவிட்டார். 2020 ஜனவரியில் காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் உச்ச நீதிமன்றம் பேச்சுரிமையை இணையத்துக்கும் விரித்துச் சொல்வதற்கு நான்கு மாதம் முன்னால், ஒரு விடுதி விதியை எதிர்த்த ஒரு மாணவியால் இது நடந்தது.

தீர்ப்பைக் கொண்டாடுவோம். ஆனால் அதன் அடித்தளத்தையும் கவனிப்போம். போன் திரும்பக் கிடைத்தது அது அறிவைத் தேடும் கருவி என்பதால். படிப்புக்குப் பயன்படும் என்று நிரூபித்தால் இணையம் உரிமை. ஆடுவதற்கு என்று சொல்லிக் கேட்டிருந்தால்? அந்த வாதத்துக்கு இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் இருக்கை இல்லை. 'விளையாட்டும் ஒருவகைக் கல்விதான், கை-கண் ஒருங்கிணைப்பு வளரும், குழு மனப்பான்மை வளரும்' என்று நாம் பதில் சொல்லத் தொடங்கினால் தோற்றுவிட்டோம். பயன்தான் அளவுகோல் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டோம். 24 மணி நேரமும் வேலைச் சந்தைக்குத் தயாராவதற்கே என்ற கருத்தியலுக்கு அதைவிட நல்ல வக்கீல் வேண்டாம். பயனில்லாத ஒரு மணி நேரம் ஒரு மனிதருக்குச் சொந்தமாக இருக்கலாமா என்பதே இங்கே கேள்வி. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்களின் வாரிசுகளுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதாக இருக்கக்கூடாது.

6

கடைசியாக, நம் பக்கத்துக் கோட்பாட்டு நண்பர்களோடு ஒரு தகராறு. இம்மாதிரி விஷயத்தைப் பார்த்தவுடன் 'மாணவர்கள் பிராக்ஸி போட்டு உடைக்கிறார்கள், விபிஎன் போட்டு மீறுகிறார்கள், இதுவே நுண் எதிர்ப்பு, கலகம்' என்று கைதட்டும் பழக்கம் நமக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

விபிஎன் என்பது உறைக்குள் உறை. வெளி உறையில் வேறு முகவரி எழுதியிருப்பதால் ஃபயர்வால் விட்டுவிடுகிறது. உள் உறையைப் பிரித்து உரிய இடத்துக்கு அனுப்புவது நடுவிலுள்ள ஒரு நிறுவனம். காசு வாங்காமல் அதைச் செய்யும் நிறுவனம் எதை விற்றுச் சம்பாதிக்கிறது என்று கேட்கவேண்டும். கல்லூரியின் கண்ணிலிருந்து தப்பியவர், முகமே தெரியாத இன்னொரு கண்ணின் முன்னால் போய் உட்கார்கிறார். 2022 ஏப்ரலில் ஒன்றிய அரசின் கணினி அவசர அமைப்பு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. சில பெரிய நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து தம் சர்வர்களையே எடுத்துக்கொண்டு போயின. தெருமுனை இலவச விபிஎன்கள் அப்படிப் போனதாகத் தெரியவில்லை.

அதைவிட முக்கியம் இதுதான்: பைபாஸ் விதியை அப்படியே விட்டுவிடுகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாக, ரகசியமாகத் தப்பித்துக்கொள்வதால் தடை யாருக்கும் வலிக்காமல் நீடிக்கிறது. நிர்வாகத்துக்கும் இது வசதி. பாதிப் பேர் மீறுகிறார்கள் என்று அதற்குத் தெரியும். வேறு எதற்காகவாவது ஒரு மாணவனைப் பிடிக்கவேண்டும் என்றால், மெஸ் சாப்பாடு சரியில்லை என்று கையெழுத்து வாங்கியவனைப் பிடிக்கவேண்டும் என்றால், பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் போதும். எல்லோரும் குற்றவாளி, தேவைப்படும்போது ஒருவர்மீது மட்டும் நடவடிக்கை. கலகம் என்று நாம் பெயர் வைத்தது நிர்வாகத்தின் கையில் இருப்புத் தொகையாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

ஒரு முரண் பாருங்கள். பகலில் கணினி வலையமைப்பு என்று ஒரு பாடம் நடக்கிறது. போர்ட் என்றால் என்ன, யுடிபி என்றால் என்ன என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வருகிறது. ராத்திரி அதை ஒருவர் உண்மையாகவே புரிந்துகொண்டால் தண்டனை. படித்ததைச் செய்துபார்க்கும் ஆர்வத்தை மீறலாக மட்டுமே வெளிப்படுத்தமுடியும் என்ற நிலைக்கு ஒரு பொறியியல் கல்லூரி வந்து சேர்ந்திருப்பது விளையாட்டின் குற்றமா?

ஃபஹீமா ஷிரின் செய்ததற்கும் பைபாஸுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அவரும் போனை ஒளித்து வைத்திருக்கலாம். ஒளிக்கவில்லை, தரமாட்டேன் என்று சொன்னார், காரணம் கேட்டார். கேட்டதால்தான் விதி விதியாக வெளிச்சத்துக்கு வந்தது. நம் தனியார் கல்லூரிகளில் அப்படிக் கேட்க ஆள் இல்லை என்பதல்ல பிரச்சினை, இடம் இல்லை. மாணவர் தேர்தல் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பெரும்பாலான தனியார் பொறியியல் கல்லூரிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பேரவை என்று ஒன்று கிடையாது. இருப்பது 'கிளாஸ் ரெப்'. அவரை நியமிப்பதும் ஆசிரியரே.

ஆகவே கோரிக்கை என்று வைத்தால் 'பப்ஜியைத் திற' என்று வைக்கக்கூடாது. வைக்கவேண்டியவை இவை. எந்தெந்த வகைகள், எந்த நேரத்தில், என்ன காரணத்துக்காக மூடப்பட்டிருக்கின்றன என்பது எழுத்தில் வெளியிடப்படவேண்டும். பதிவுகள் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன, யார் பார்க்கலாம், வீட்டுக்கோ போலீசுக்கோ எந்தச் சூழலில் தரப்படும் என்பது சொல்லப்படவேண்டும். அவை தனிநபர் தரவுகள், 2023இல் அதற்கென்று ஒரு சட்டமே இயற்றப்பட்டுவிட்டது. உறை பிரிக்கும் சான்றிதழ்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. சுமைதான் காரணமென்றால் வேகத்தைப் பங்கிடவேண்டும். ஆண்கள் விடுதிக்கும் பெண்கள் விடுதிக்கும் விதி ஒன்றாக இருக்கவேண்டும். இதையெல்லாம் தீர்மானிக்கும் குழுவில் அந்த வைஃபையைப் பயன்படுத்துகிறவர்கள், தாங்களே தேர்ந்தெடுத்தவர்களாக, உட்கார்ந்திருக்கவேண்டும்.

அப்படி ஒரு குழு கூடி, தேர்வு மாதத்தில் இரவு 12க்கு மேல் விளையாட்டு வேண்டாம் என்று அதுவே முடிவெடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது அவர்கள் போட்டுக்கொண்ட விதி. இன்று நடப்பது அதுவல்ல. நான்கு வருடம் காரணம் கேட்காமல் பழகியவர்கள், பட்டம் வாங்கிக்கொண்டு இதே ரயில்பாதை ஓரத்தில் இன்னொரு கட்டடத்துக்குள் போகிறார்கள். அங்கேயும் பதிவு எண், அங்கேயும் ஃபயர்வால், அங்கேயும் நள்ளிரவு ஷிப்ட். வேலையிலிருந்து நீக்குவதாக ஒரு நாள் மின்னஞ்சல் வரும்போது, யாரிடம் போய்க் கேட்பது என்றுகூட அவர்களுக்குத் தெரிவதில்லை. பக்கத்து இருக்கைக்காரருக்கும் அதே மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று திரும்பிக் கேட்கும் பழக்கம் விடுதியிலேயே போய்விட்டது.